ஆர்.பி.ஜி. கேம் ஏன் சப்பென்று போய்விடுகிறது?

நாற்பது மணி நேரம் ஆடிய ஒரு ஆர்.பி.ஜி. கேமை, அதாவது நீங்களே ஒரு பாத்திரமாக இருந்து ஆடும் கேமை, பாதியில் விட்டவரிடம் ஏன் என்று கேட்டால், "கதை மொக்கை", "கிராபிக்ஸ் சுமார்", "ரொம்ப இழுவை" என்ற மூன்றில் ஒன்றைச் சொல்வார். ஆனால் 2015-இல் வந்த அண்டர்டேல் என்ற ஆர்.பி.ஜி. பழைய காலத்துப் புள்ளிப் படங்களோடுதான் வந்தது. அதை ஆடியவர்கள் இன்றும் நெகிழ்ந்து பேசுகிறார்கள். 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 நூறு மணி நேரம்கூட ஓடும். அதன் நீளம் அதற்குப் பெருமையாகத்தான் ஆயிற்று. அப்படியானால் ஏமாற்றத்தின் வேர் படத்திலும் நீளத்திலும் இல்லை. இந்த வகை கேம் ஆடுபவருக்கு என்ன வாக்குக் கொடுக்கிறது என்பதிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால்தான் அது பிடிபடும்.

## வீசுகோல் பிடித்தவர்

ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., என்றால் நீங்கள் ஒரு பாத்திரமாக இருந்து, அந்தப் பாத்திரத்தை வளர்த்து, அதற்காக நீங்களே முடிவெடுக்கிற விளையாட்டு. இது கம்ப்யூட்டரில் பிறந்ததல்ல. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. கூட்டத்தில் ஒருவர் நடுவர். கதை சொல்வதும் எதிரிகளை நடத்துவதும் அவர் வேலை.

அந்த நடுவரைப் புரிந்துகொள்ள நெல்லைச் சீமைக்காரர்கள் தூரத்துக்குப் போக வேண்டாம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கிறது. வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்தவர் அந்தச் சுடலைமாடன் கதையை எத்தனையோ ஊரில் பாடியவர். ஆனாலும் கூட்டம் சோர்ந்தால் வேகத்தைக் கூட்டுவார். முன்னால் இருப்பவர் சத்தமாகச் சிரித்தால் அதையும் ஒரு வரியில் பிடித்துப் போடுவார். கேட்கிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் பாடுகிறார். மேசை நடுவரும் அப்படியே. "கோட்டைக் கதவை உடைக்கவில்லை, காவல்காரனுக்கு ஒரு பொட்டலம் அல்வா கொடுத்துப் பேசிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், நடுவர் பகடையை உருட்டச் சொல்லி முடிவு கட்டுவார். அடுத்த வாரம் அதே காவல்காரன், "அன்னைக்கு அல்வா தந்தது நீருதான வே?" என்று அடையாளம் கண்டுகொள்வான்.

கம்ப்யூட்டருக்குள் அந்த மனிதர் இல்லை. அவர் செய்த வேலையை இரண்டே கருவிகளால் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது: எண்கள், நினைவுக் குறிப்புகள். எண்கள் உங்கள் வளர்ச்சியைக் காட்ட. குறிப்புகள் உங்கள் செயலை ஞாபகம் வைக்க.

இதுவரை சொன்னதன் சாரம்: "நீ செய்ததைப் பார்த்தேன், அதனால் ஏதோ மாறியது" என்பதுதான் ஆர்.பி.ஜி. தரும் வாக்கு. பார்க்க ஆளில்லை என்பது ஆடுபவருக்குத் தெரிந்துபோகிற இடத்தில் ஏமாற்றம் தொடங்குகிறது. அந்த இடங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

## படித்துறைத் தண்ணீர்

குறுக்குத்துறைப் படித்துறையில் எட்டு வயதுப் பையன் இறங்குகிறான். ஒரு படியில் தண்ணீர் கழுத்துக்கு வருகிறது. பதினாறு வயதில், ஆறு அதே அளவு ஓடுகிற நாளில், அதே படியில் நின்றால் இடுப்புக்குத்தான் வரும். தான் வளர்ந்துவிட்டோம் என்று ஆறு அவனுக்குச் சொல்லிவிட்டது. ஆள் வளர வளரத் தண்ணீரும் கூடவே ஏறினால்? எத்தனை வயதானாலும் கழுத்தளவுதான். வளர்ந்தது அவனுக்கே தெரியாது.

ஆர்.பி.ஜி. உலகில் அந்தத் தண்ணீருக்குப் பெயர் லெவல் ஸ்கேலிங். அதற்கு முன் மூன்று சொற்கள். எதிரியை வென்றாலும் வேலையை முடித்தாலும் கிடைக்கும் அனுபவப் புள்ளி எக்ஸ்.பி. அது குறிப்பிட்ட அளவு சேர்ந்ததும் பாத்திரம் ஏறும் படி லெவல். எத்தனை அடி தாங்கும் என்ற உயிர்க் கணக்கு ஹெச்.பி. ஆடுபவரின் லெவல் ஏறும்போது எதிரிகளின் லெவலையும் தானாக ஏற்றிவிடுவது லெவல் ஸ்கேலிங்.

கணக்காகப் பாருங்கள். ஐந்தாம் லெவலில் உங்கள் ஒரு அடி 20, வழிப்பறிக்காரனின் ஹெச்.பி. 60. மூன்று அடியில் விழுவான். பத்தாம் லெவலில் உங்கள் அடி 40, அவன் ஹெச்.பி. 120. இப்போதும் மூன்று அடி. திரையில் எண்கள் இரட்டிப்பாகிவிட்டன. கைக்கு ஒன்றும் மாறவில்லை.

2006-இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஒப்ளிவியன் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். அழகான, பெரிய, அன்போடு செய்யப்பட்ட உலகம். ஆனால் நீங்கள் உயர்ந்த லெவலுக்குப் போனதும், சாலையோரத்தில் சில்லறை கேட்டு மறிக்கும் கொள்ளைக்காரன்கூட அந்த உலகத்தின் மிக விலையுயர்ந்த கவசங்களில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் ஒரு வீடு வாங்கலாம்! அதைவிட மோசமான விளைவு இன்னொன்று. சண்டைக்கு உதவாத பேச்சுத்திறன் போன்றவற்றை முதன்மைத் திறனாக எடுத்து வளர்த்தவர்களுக்கும் லெவல் ஏறும். எதிரிகள் வலுத்துவிடுவார்கள், இவர்களின் வாள் மட்டும் பழையபடியே இருக்கும். வளர்ந்ததே தண்டனையாகிவிடும்.

ஏன் அப்படிச் செய்கிறார்கள்? சோம்பல் இல்லை. எல்லாத் திசையும் திறந்த உலகத்தில் ஆடுபவர் பாபநாசம் பக்கம் முதலில் போவாரா, திருச்செந்தூர் பக்கம் போவாரா என்று கேம் செய்பவருக்குத் தெரியாது. எங்கே போனாலும் சண்டை சமமாக இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. எல்லையில்லாமல் ஏற்றுவதில்தான் கெடுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வைத்தால் போதும்: ஊர்ப்புறத்து ஓநாய் எட்டாம் லெவலுக்கு மேல் ஏறாது, மலைக் குகை பதினைந்துக்குக் கீழே இறங்காது. 2011-இல் வந்த ஸ்கைரிமில் தொடக்கத்திலேயே ராட்சதர்களைச் சந்திக்கலாம். ஒரே அடியில் வானத்துக்குப் பறக்க விடுவார்கள். இருபது மணி நேரம் கழித்து அதே ராட்சதனைத் தேடிப் போய் வீழ்த்துகிற மகிழ்ச்சி இருக்கிறதே, அது ஏறாத தண்ணீர் தரும் மகிழ்ச்சி.

## வாளில் எழுதிய எண்

பத்தமடையில் கோரையை எவ்வளவு மெலிதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு உயர்ந்தது பாய். மெலிந்த கோரையில் பட்டு நூல் கொடுத்து நெய்த பாய் துணிபோல மடியும். விலைச்சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை, விரல் சொல்லிவிடும். ஆர்.பி.ஜி.யில் புதிய வாள் கிடைக்கும்போது விரலுக்குத் தெரிகிறதா என்பதே கேள்வி. பெரும்பாலான ஏமாற்றம் இங்கே, கண்ணுக்குத் தெரியாத கணக்கில், ஒளிந்திருக்கிறது.

எதிரிக்கு விழும் அடியைக் கணக்கிடப் பல வழிகள் உண்டு. எளியது கழித்தல்: உங்கள் தாக்குதலில் இருந்து அவன் தற்காப்பைக் கழி. தாக்குதல் 20, தற்காப்பு 15 என்றால் அடி 5. ஹெச்.பி. 60 உள்ளவனுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும். தாக்குதல் 25 ஆனதும் அடி 10. ஆறு அடியில் முடிந்தது. ஐந்து புள்ளி கூடியதற்குச் சண்டை பாதியாகக் குறைந்தது. ஃபயர் எம்பளம் தொடர் இந்தக் கழித்தல் முறையில்தான் ஓடுகிறது. அங்கே ஒரே ஒரு புள்ளி கூடினாலும் ஆடுபவர் துள்ளுவது இதனால்தான். தாக்குதலும் தற்காப்பும் சமமாகிவிட்டால் அடி சுழியமாகிவிடும் என்பது இதன் ஆபத்து.

அந்த ஆபத்தைத் தவிர்க்கப் பல கேம்கள் விகித முறைக்குப் போகின்றன. உதாரணமாக, தாக்குதலை 100-ஆல் பெருக்கி, நூறோடு தற்காப்பைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பது. தாக்குதல் 20, தற்காப்பு 25 என்றால் அடி 16. ஹெச்.பி. 60 உள்ளவன் நான்காவது அடியில் விழுவான். இப்போது கடையில் 5 சதவீதம் உயர்ந்த வாள் வாங்குகிறீர்கள். தாக்குதல் 21, அடி 16.8. மூன்று அடிக்கு 50.4 தான் ஆகிறது. இன்னமும் நான்கு அடி வேண்டும். காசு போயிற்று, சண்டையில் ஒரு வீச்சுகூடக் குறையவில்லை. மூன்று அடியில் முடிய வேண்டுமானால் ஒரு அடி 20 ஆக வேண்டும். அதாவது 25 சதவீதம் உயர்ந்த வாள் வேண்டும்.

ஆடுபவர் உணர்வது வாளில் எழுதிய எண்ணை அல்ல, வீச்சுகளின் எண்ணிக்கையை. அரை மணிக்கு ஒரு வாள் கையில் கொடுத்து, ஒவ்வொன்றும் 3, 5 சதவீதம் கூடுதல் என்று வைத்தால், பெட்டி நிறைய வாள் இருக்கும். மனதில் ஒன்றும் நிற்காது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் வேறொரு தவறு. எதிரிக்கு 600 ஹெச்.பி. கொடுத்தால் பழைய வாளுக்கு 38 வீச்சு, புதிய வாளுக்கு 36. இரண்டு குறைந்தது உண்மை, ஆனால் முப்பத்தெட்டில் இரண்டை யார் எண்ணுவார்கள்? 'கடினம்' என்ற அமைப்பைத் தேர்ந்தால் பல கேம்கள் இந்த ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஸ்கைரிமின் லெஜண்டரி நிலையில் நீங்கள் கொடுக்கும் அடி கால் பங்காகும், வாங்கும் அடி மூன்று மடங்காகும். எதிரிக்குப் புதிதாக ஒரு தந்திரமும் வராது. சண்டை கடினமாகவில்லை, நீளமாகிவிட்டது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்த வகைக் கேம்களில் மிகப் பரவலான குழப்பம்.

சுருக்கமாகத் திரும்பிப் பார்த்தால்: எதிரியும் கூடவே வளர்ந்தால் வளர்ச்சி தெரியாது; வீச்சு எண்ணிக்கை மாறாவிட்டால் பொருள் கிடைத்தது தெரியாது. இரண்டிலும் எண் ஏறுகிறது, அனுபவம் ஏறவில்லை.

## அரைப்பதும் கிளறுவதும்

ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டு எக்ஸ்.பி. சேர்ப்பதைக் கிரைண்ட் என்பார்கள். அரைப்பது என்றே பொருள். கிரைண்ட் என்றாலே கெட்டது என்ற எண்ணம் தவறு.

அல்வா கிண்டுகிற இடத்தில் நின்று பாருங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, தெளியவைத்து, சர்க்கரையோடு அடுப்பில் ஏற்றி, கை ஓயாமல் கிளற வேண்டும். மணிக்கணக்கில் ஒரே வேலை. ஆனால் துடுப்பு ஒவ்வொரு கட்டத்திலும் வேறு சொல்கிறது. முதலில் பாலாக ஓடுகிறது, பிறகு கூழாகிறது, நிறம் சிவக்கிறது, ஊற்றிய நெய்யையெல்லாம் உள்ளே இழுக்கிறது, கடைசியில் இழுத்த நெய்யைக் கக்குகிறது. கிளறுபவருக்குக் கை வலிக்கும், சலிப்பு வராது. கெட்ட கிரைண்ட் என்பது எவ்வளவு கிளறினாலும் பாலாகவே இருக்கிற சட்டி.

இதற்கும் எண் உண்டு. முதல் லெவலைத் தாண்ட 100 எக்ஸ்.பி., பிறகு ஒவ்வொரு லெவலுக்கும் முந்தையதைப் போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது லெவலைத் தாண்ட 3,844 எக்ஸ்.பி. வேண்டும். அந்தப் பகுதி எதிரி ஒன்றுக்கு 40 எக்ஸ்.பி. தந்தால் 97 சண்டை. நடந்து போவதையும் சேர்த்துச் சண்டைக்கு இரண்டு நிமிடம் என்றால் மூன்றேகால் மணி நேரம். அதே எதிரி 200 தந்தால் 20 சண்டை, நாற்பது நிமிடம். தேவை ஏறுவதில் தவறில்லை. தேவை ஏறும் வேகத்துக்கு வருமானமும் ஏற வேண்டும். "இழுவை" என்று சொல்பவர்கள் உண்மையில் உணர்வது இந்த விகிதத்தைத்தான்.

வருமானத்தை எளிதாக்கிவிட்டாலும் கெடும். டயப்லோ 3 2012 மே மாதம் வந்தபோது, ஆடுபவர்கள் பொருள்களை ஏலத்தில் வாங்கி விற்க ஒரு சந்தை இருந்தது. அதன் ஒரு பிரிவில் உண்மைப் பணமும் ஓடியது. அரக்கனை வீழ்த்தி அவனிடமிருந்து நல்ல ஆயுதம் பெறுவதுதான் அந்த கேமின் உயிர். ஆற்றில் தூண்டில் போட்டு நிற்பவன் பக்கத்திலேயே மீன்கடை திறந்ததுபோல ஆயிற்று. 2014 மார்ச் 18 அன்று அந்தச் சந்தையை நிறுவனமே மூடியது. விளையாட்டுக்கு அதுவே நல்ல திருப்பம்.

## அண்ணாச்சியின் பற்று நோட்டு

இனி நினைவுக் குறிப்பு. தெருமுனை மளிகைக் கடையில் "பற்றுல எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்கிப் போகிறீர்கள். மாதக் கடைசியில் அண்ணாச்சி நோட்டைப் புரட்டுகிறார். கேமும் அதையே செய்கிறது. நீங்கள் ஒருவரைக் காப்பாற்றினால் "காப்பாற்றினார்: ஆம்" என்று எழுதி வைக்கிறது. இந்த ஒற்றைக் குறிப்புக்கு ஃப்ளாக் என்று பெயர்.

பிறகு அந்த நோட்டை யாரும் புரட்டாவிட்டால் முதல் ஏமாற்றம் அதுதான். ஊரைக் கொளுத்தினாலும் காப்பாற்றினாலும் அடுத்த ஊர்க்காரர் ஒரே வாசகத்தோடு வரவேற்கிறார். வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவார். கதையை நடத்துபவர் வேறொருவர். கேம் உங்களை வீசுகோல் பிடிக்க அழைத்துவிட்டு, "ஆமா" மட்டும் போட விடுகிறது.

எல்லாத் தேர்வையும் தனித்தனிக் கதையாக ஏன் எழுதக்கூடாது என்று கேட்கலாம். பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி வைத்தால் முடிவுகள் 1,024 ஆகும். எந்த நிறுவனத்தாலும் முடியாது. அதனால் கிளையைப் பிரித்து, கொஞ்ச தூரம் தனியே ஓட்டி, மறுபடி ஒரே பாதையில் சேர்ப்பார்கள். ஆற்றில் பிரியும் கால்வாய் கொஞ்சம் வயலையாவது நனைக்க வேண்டும். பிரிந்து பத்தடியில் சேர்ந்தால் எதற்குக் கால்வாய்?

மாஸ் எஃபெக்ட் தொடர் 2007, 2010, 2012 ஆகிய மூன்று பாகங்களிலும் ஆடுபவரின் முடிவுகளைச் சுமந்து வந்தது. நோட்டு தடித்துக்கொண்டே போனது. மூன்றாம் பாகத்தின் கடைசி நிமிடங்களில் எல்லோர் முன்னும் ஏறக்குறைய ஒரே மாதிரியான முடிவுக் காட்சிகள் நின்றன, நிறம் மட்டும் மாறி. எதிர்ப்பு பெரிதாகி, 2012 ஜூனில் முடிவை விரித்துக் காட்டும் இலவச இணைப்பு வெளியிட வேண்டி வந்தது. அந்தப் பாகத்தின் மற்ற பகுதிகள் நன்றாகவே இருந்தன. ஐந்து ஆண்டு எழுதிய கணக்கைக் கடைசி நாளில் பார்க்காமல் விட்டதுதான் வலித்தது.

அண்டர்டேல் இதற்கு மறுபக்கம். அதில் ஒருவரைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேவுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த கட்டத்துக்கு, திரும்பி அவரைக் காப்பாற்றினால், நீங்கள் அப்படிச் செய்ததையும் கேம் தெரிந்து வைத்திருந்து சொல்லிக்காட்டும். சின்ன கேம், சில ஃப்ளாக்குகள். ஆனால் நோட்டைப் புரட்டுகிறது.

தேர்வே இல்லாத ஆர்.பி.ஜி. குறையுடையது என்று இதற்கு அர்த்தமில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் நான்கு ரத வீதியில்தான் போகும். வேறு தெருவுக்குத் திரும்பவில்லையே என்று வடம் பிடித்தவர் யாரும் வருத்தப்படுவதில்லை, ஏனென்றால் பாதை முன்பே தெரியும். நேர்ப்பாதைக் கதை நேர்ப்பாதை என்றே தன்னைச் சொல்லிக்கொண்டால் ஏமாற்றம் கிடையாது.

## போ, எடு, வா

கேமுக்குள் ஒருவர் கொடுக்கும் வேலை க்வெஸ்ட். முக்கியக் கதைக்கு வெளியே வருவது சைடு க்வெஸ்ட். "மலையடிவாரத்தில் பத்து மூலிகை பறித்து வா" என்பது போன்றவற்றைக் கேட்டாலே பலருக்கு எரிச்சல். எடுத்து வருவதில் பிழையில்லை. எடுத்து வந்த பிறகு ஒன்றும் நடக்காததே பிழை. அதே பத்து மூலிகையால் வேலை கொடுத்த ஆச்சியின் பேரன் குணமாகி, பிறகு வெள்ளம் வரும் கட்டத்தில் அவனே மடையைத் திறந்துவிட ஓடி வந்தால், அந்த வேலையை யாரும் மறக்க மாட்டார்கள். செலவு இரண்டு ஃப்ளாக், நான்கு வரி வசனம்.

2014-இல் வந்த டிராகன் ஏஜ்: இன்க்விசிஷனின் முதல் பெரிய பகுதியான ஹின்டர்லாண்ட்ஸ் சின்னச் சின்ன வேலைகளால் நிரம்பியிருந்தது. பலர் அங்கேயே பல மணி நேரம் மூலிகை பறித்துச் சலித்தார்கள்; அந்தப் பகுதியை விட்டு முன்னேறுங்கள் என்று கேமை உருவாக்கியவர்களே சொல்ல வேண்டி வந்தது. வரைபடத்தில் குறி இருந்தால் முடித்தே ஆக வேண்டும் என்ற பழக்கம் நம் பக்கத்துத் தவறு, அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாச் சைடு க்வெஸ்ட்டையும் முடித்துவிட்டுப் போனால் லெவல் அளவுக்கு மேல் ஏறி, முக்கியச் சண்டைகள் ஊதினால் விழும்.

மூட்டை தூக்குவதும் இந்த வகைச் சலிப்புதான். பத்து நிமிடம் சண்டை, ஐந்து நிமிடம் பழைய கவசத்தைக் கடைக்கு விற்கக் கொண்டு போவது என்றால், அந்த கேம் உங்களைச் சுமை தூக்க வைத்திருக்கிறது.

## பழுது வேறு, அமைப்பு வேறு

சைபர்பங்க் 2077 2020 டிசம்பரில் வந்தபோது, சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 4 போன்ற கேம் கருவிகளில் அடிக்கடி நின்றுபோனது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்தது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன் வளர்ச்சி முறையையே மாற்றி எழுதிய பிறகு பலர் மறுபடி விரும்பி ஆடினார்கள். ஆனால் 2011-இல், முந்தைய பாகம் வந்து பதினாறே மாதத்தில் வந்த டிராகன் ஏஜ் 2-இல் ஒரே குகை வெவ்வேறு இடமென்று திரும்பத் திரும்ப வந்தது; அது கடைசிவரை அப்படியே இருந்தது. எண்ணையும் பழுதையும் பின்னால் திருத்தலாம். கட்டாத இடத்தை அப்டேட்டில் கட்டுவது கடினம்.

## ஆடிப் பார்க்கும் முறை

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கிய கேமை, வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குக் குறைவாக இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். ஆர்.பி.ஜி.யில் வளர்ச்சி தெரிவதற்கு அந்த இரண்டு மணி போதாது. அதனால் வாங்குமுன் பிறர் ஆடிய வீடியோவில் தொடக்கத்தை விட்டுவிட்டு, பத்தாவது மணி நேரத்துச் சண்டை ஒன்றைத் தேடிப் பாருங்கள். சாதாரண எதிரி எத்தனை வீச்சில் விழுகிறான் என்று எண்ணுங்கள். முதல் மணி நேர வீடியோவிலும் அதே வகை எதிரிக்கு அதே எண்ணிக்கை என்றால் தண்ணீர் கூடவே ஏறுகிறது.

வாங்கிவிட்டால், முதல் முக்கியமான உரையாடலுக்கு முன் சேவ் செய்யுங்கள். ஒரு பதிலைச் சொல்லி அடுத்து வரும் மூன்று வசனங்களைக் கவனியுங்கள். சேவைத் திரும்பத் திறந்து எதிர்ப்பதிலைச் சொல்லுங்கள். முதல் வசனம் மட்டும் மாறி மற்ற இரண்டும் அப்படியே வந்தால், அது பத்தடிக் கால்வாய். முதல் சைடு க்வெஸ்ட் முடிந்ததும் வேறெங்கும் போகாமல், வேலை கொடுத்தவரிடமே திரும்பப் போய்ப் பேசுங்கள். "வாங்க, என்ன வேணும்?" என்று பழைய வாசகத்தையே சொல்கிறாரா, இல்லை, நீங்கள் கொண்டுவந்து கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசுகிறாரா என்று கேளுங்கள். இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் ஆகும். ஸ்டீம் தந்த இரண்டு மணியில் மீதம் ஒன்றேகால் மணி இருக்கும்.